பறித்த நூல்கோலை வீட்டில் பாதுகாப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நூல்கோலைக் கெட்டுப்போக விடுகிறவர்களில் பெரும்பாலோர் அதை உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் பக்கத்தில், அடுப்பங்கரைக் கூடையில் போட்டு வைப்பவர்களே. உருண்டையாகவும் கெட்டியாகவும் இருப்பதால் அதையும் ஒரு கிழங்கு என்றே நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் நூல்கோல் கிழங்கு அல்ல. மண்ணுக்கு மேலே பருத்து நிற்கும் தண்டு அது. முட்டைக்கோசு, காலிஃபிளவர், புரோக்கோலி ஆகியவை எந்தத் தாவர இனமோ அதே இனத்தைச் சேர்ந்தது. முட்டைக்கோசில் இலை திரண்டிருக்கிறது, காலிஃபிளவரில் பூங்கொத்து திரண்டிருக்கிறது, நூல்கோலில் தண்டு திரண்டிருக்கிறது என்பதைத் தவிர வேறு வேறுபாடு இல்லை. அதைப் பாதுகாக்கும் முறை முழுவதும் இந்த ஒரு செய்தியிலிருந்துதான் பிறக்கிறது.

உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்து நிழலில் சில நாள் ஆறவிட்டால் அதன் தோல் தடித்து, தக்கை போன்ற ஒரு பாதுகாப்பைப் பெறும். அதற்கென்று ஓர் உறக்கக் காலமும் உண்டு. நூல்கோலுக்கு இவ்விரண்டும் இல்லை. நூறு கிராமில் ஏறத்தாழ 91 கிராம் தண்ணீரே இருக்கும் இந்தத் தண்டை வெளிக்காற்றில் ஆறவிட்டால் அது பதப்படாது, வற்றத்தான் செய்யும். வெங்காயத்துக்கு வேண்டிய உலர்ந்த காற்று இதற்கு எதிரி. இதற்கு வேண்டியவை குளிர்ச்சி, ஈரப்பதம் ஆகிய இரண்டும். அதுவும் இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். சுழியப் பாகை செல்சியசில், 98 முதல் 100 விழுக்காடு ஈரப்பதத்தில், இலை நீக்கிய நூல்கோல் இரண்டு முதல் மூன்று மாதம் வரை இருக்கும். அதே நிலைமையில் இலையோடு வைத்தால் இரண்டு வாரம்தான் தாங்கும். இந்த அளவு குளிரும் ஈரமும் குளிர்பதனக் கிடங்குகளில் கிடைப்பவை. வீட்டு ஃபிரிட்ஜில் இதன் பாதியை எட்டினாலே நமக்குப் போதும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். நூல்கோல், நூக்கல், நூக்கோல் என்று ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்கிறோம். இலங்கையில் நோக்கோல் என்கிறார்கள். எல்லாம் டச்சு மொழியின் ‘க்னோல்கோல்’ என்ற பெயரின் மருவல்கள்தாம். இதற்கும் நூலுக்கும் தொடர்பில்லை. சில சந்தைகளில் டர்னிப்பையும் நூக்கல் என்றே விற்கிறார்கள். டர்னிப் ஒரு வேர்க்காய். இலைகள் அதன் உச்சியில் ஒரே இடத்திலிருந்து கொத்தாகக் கிளம்பும். நூல்கோலில் இலைக்காம்புகள் உருண்டையின் மேனி முழுவதும் ஆங்காங்கே முளைத்திருக்கும். அவற்றை வெட்டிய தழும்புகள் காயின் மேல் கோடு கோடாகத் தெரியும். வாங்கும்போது அந்தத் தழும்புகளைத் தேடிப் பார்த்தால் குழப்பம் வராது.

பறிக்கும் நாளிலேயே ஆயுள் பாதி முடிவாகிவிடுகிறது

எந்தக் காயைச் சேமிக்கிறோம் என்பது எப்படிச் சேமிக்கிறோம் என்பதற்கு முந்திய கேள்வி. முற்றிய நூல்கோலை எவ்வளவு நேர்த்தியாக வைத்தாலும் அது நார்க்காயாகவே இருக்கும். வைட் வியன்னா, பர்ப்பிள் வியன்னா போன்ற வழக்கமான இரகங்களை நாற்று நட்ட ஐம்பது, அறுபது நாளில் பறித்துவிட வேண்டும். ஊதா நிற இரகம் சில நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். குறுக்களவு ஐந்து முதல் ஏழெட்டு சென்டிமீட்டர் வரும்போது, அதாவது ஒரு நடுத்தர எலுமிச்சம்பழத்துக்கும் சாத்துக்குடிக்கும் இடைப்பட்ட அளவில், பறிப்பது நல்லது. ‘இன்னும் ஒரு வாரம் விட்டால் பெருக்குமே’ என்ற ஆசைதான் மாடித்தோட்டக்காரர்களை ஏமாற்றுகிறது, நானும் ஏமாந்திருக்கிறேன். காய் பெருக்கத்தான் செய்யும். கூடவே அடிப்பக்கத்திலிருந்து நார் மேலேறும். கோசாக் போன்ற, பெருத்தாலும் இளசாகவே இருக்கும்படி உருவாக்கப்பட்ட பெரிய இரகங்களுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அவை நெடுநாள் சேமிப்புக்கும் பெயர் பெற்றவை.

சமவெளியில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தவர்களுக்கு மார்கழி, தையில் அறுவடை வரும். அந்தக் குளிரான வாரங்களில் காயைச் செடியிலேயே சில நாள் விட்டு வைக்கலாம். அதுவும் ஒரு சேமிப்பு முறைதான். தை கழிந்து வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் இன்னும் தாராளமாகக் காத்திருக்கலாம். லேசான உறைபனியை இந்தச் செடி தாங்கிக்கொள்ளும்.

தண்ணீர் விடுவதிலும் ஒரு கவனம் வேண்டும். பல நாள் காயவிட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் பாய்ச்சினாலோ, வறண்ட இடைவெளிக்குப் பின் கனமழை பெய்தாலோ, உள்ளே சதை பருக்கும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்க முடியாமல் காய் வெடிக்கும். வெடித்த காயைச் சேமிக்க வழியே இல்லை. அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டியதுதான். ஆகவே சீராகத் தண்ணீர் விட்டு வந்து, முதல் நாள் மாலையும் அளவாக ஈரப்படுத்தி, மறுநாள் விடியற்காலையில், வெயில் ஏறும் முன்பே பறிக்க வேண்டும். இரவு முழுவதும் நீர் ஏறி விறைத்து நிற்கும் காய்க்கும், நண்பகலில் இலை தொங்கிய நிலையில் பறித்த காய்க்கும் உள்ள வேறுபாட்டைக் கையில் எடுத்தவுடனேயே உணரலாம்.

செடியைப் பிடுங்காமல், உருண்டைக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு, அந்தக் கட்டையான அடித்தண்டைக் கூர்மையான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். அடித்தண்டு நல்ல கெட்டியானது. மழுங்கிய கத்தியால் அறுத்தால் காய் நசுங்கும், கையும் வழுக்கும். உருண்டையை ஒட்டி வெட்டினால் சதை திறந்துவிடும். வெட்டுவாய் எவ்வளவு சிறியதோ, எவ்வளவு உலர்ந்த கட்டையில் இருக்கிறதோ, அழுகல் நுழையும் வழியும் அவ்வளவு குறையும்.

இலையை உடனே பிரிக்க வேண்டும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு செய்தியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், பறித்த ஒரு மணி நேரத்துக்குள் இலையைப் பிரித்துவிட வேண்டும் என்பதை வைத்துக்கொள்ளுங்கள். இலை, பறித்த பிறகும் தன் வேலையை நிறுத்துவதில்லை. அதன் பரப்பு முழுவதும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வேரிலிருந்து வந்த நீர் நின்றுவிட்டதால் பக்கத்திலிருக்கும் தண்டிலிருந்து உறிஞ்சும். சந்தையில் பச்சைப் பசேலென்று இலையோடு கட்டாக இருப்பதைப் பார்த்து வாங்குவது நல்லதுதான். இலையின் துளிர்ப்பு காயின் புதுமைக்குச் சாட்சி. அதே அழகுக்காக இலையோடு வீட்டில் வைத்தால் இரண்டாம் நாள் இலை துவண்டு தொங்கும், நான்காம் நாள் காய் விரலுக்கு அமுங்கும்.

இலைகளைக் கையால் கிழித்து இழுக்க வேண்டாம். அப்படி இழுக்கும்போது காம்போடு சேர்த்து உருண்டையின் தோலும் ஒரு பட்டையாக உரிந்து வரும். அந்தக் காயத்தில்தான் ஒரு வாரம் கழித்துப் பழுப்புப் புள்ளி தெரியத் தொடங்கும். கத்தரிக்கோலாலோ சிறு கத்தியாலோ, காயிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் காம்பை விட்டு வெட்டுங்கள். அந்தக் குச்சிகள் சில நாளில் மஞ்சளாகித் தாமாகவே உதிரும். அவற்றின் அடியில் காய் தன் தழும்பை ஆற்றிக்கொண்டிருக்கும். உச்சியின் நடுவில் இருக்கும் விரல் நுனி அளவுள்ள குருத்தைக் கிள்ளாமல் விடலாம். இது முதல் பருவத்தில் வளர்ந்து அடுத்த பருவத்தில் பூக்கும் இருபருவத் தாவரம் என்பதால் ஃபிரிட்ஜின் குளிரிலும் அந்தக் குருத்து வெளிறிய சிற்றிலைகளை விட்டுப் பார்க்கும். பார்த்தவுடன் அவற்றை மட்டும் கிள்ளி எடுத்தால் போதும். காய் கெட்டுவிட்டது என்று பொருளில்லை.

எதை வைப்பது, எதை முதலில் தின்பது

பறித்தவை எல்லாவற்றையும் ஒரே பையில் அள்ளிப் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிட்டு மூன்று கூறாகப் பிரியுங்கள். வெடித்தவை, கத்தி பட்டவை, புழு துளைத்தவை முதல் கூறு. இவை இன்றைய சாம்பாருக்கு. மிகச் சிறியவையும் மிகப் பெரியவையும் இரண்டாம் கூறு. சிறியவை உடலளவைவிடத் தோலின் பரப்பு கூடுதலாக உடையவை என்பதால் விரைவில் வற்றும். பெரியவை நார் ஏறும் விளிம்பில் இருப்பவை. இரண்டையும் முதல் வாரத்தில் தீர்த்துவிடலாம். தோல் மாசற்று, நடுத்தர அளவில், கல்போல் விறைத்திருக்கும் மூன்றாம் கூறு மட்டுமே நெடுநாள் இருப்புக்கு உரியது.

அடித்தண்டின் வெட்டுவாயை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வெளிறிய பச்சையாகவோ வெள்ளையாகவோ இருந்தால் நல்லது. அங்கே வளையமாகக் கருமையோ கருங்கோடுகளோ தெரிந்தால் கோசு வகைப் பயிர்களைத் தாக்கும் கருப்பழுகல் நோயாக இருக்கலாம். அப்படிப்பட்ட காயை மற்றவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது. காம்புகளின் இடுக்கில் சாம்பல் நிறத்தில் அசுவினிப் பூச்சி ஒட்டியிருந்தால் ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். உப்புநீரில் ஊறவைப்பது சமைக்கும் நாளுக்கு உரிய வேலை. சேமிக்கும் நாளில் வேண்டாம்.

கழுவலாமா, கூடாதா

கூடாது என்பதே என் விடை. நூல்கோலின் மேல் திராட்சையின் மேல் இருப்பதைப் போன்ற மெல்லிய சாம்பல் பூச்சு ஒன்று உண்டு. அது மெழுகு, நீர் இழப்பைத் தடுக்க அந்தத் தண்டு தனக்குத் தானே போட்டுக்கொண்ட போர்வை. தேய்த்துக் கழுவினால் அது போய்விடும். மண் ஒட்டியிருந்தால் உலர்ந்த பிறகு மென்மையான துணியால் தட்டிவிட்டால் போதும். மழை நாளில் சேற்றோடு பறிக்க நேர்ந்தால் மட்டும் ஓடும் தண்ணீரில் அலசி, ஒரு துணியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் மேல் ஈரம் வற்றும் வரை அரை மணி நேரம் விடுங்கள். அதற்கு மேல் விசிறிக் காற்றில் விட வேண்டாம்.

காயின் உள்ளே இருக்கும் வெப்பத்தையும் இறக்க வேண்டும். வெயிலில் பறித்த காயை அப்படியே பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்தால், உள்ளிருக்கும் சூடு நீராவியாகிப் பையின் உட்சுவரில் முத்து முத்தாகப் படியும். அந்தத் துளிகள்தாம் அழுகலின் தொடக்கம். விடியலில் பறித்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அப்படி முடியாதபோது காயைத் திறந்த தட்டில் வைத்து ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் குளிரவிட்டுப் பிறகு பையில் போடுங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கும் முறை

வீட்டு ஃபிரிட்ஜின் காற்று குளிர்ந்தது, ஆனால் வறண்டது. வெறுமனே தட்டில் வைத்த நூல்கோல் ஒரு வாரத்தில் தோல் சுருங்கி, பந்துபோல் துள்ளும் பதத்துக்கு வந்துவிடும். ஆகவே ஈரப்பதத்தை நாம்தான் ஒரு சிறு அறைக்குள் பிடித்து வைக்க வேண்டும். அந்தச் சிறு அறை ஒரு பை. முழுக்க மூடிய பை என்றால் காய் விடும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கும், முழுக்கத் திறந்த பை என்றால் பயனில்லை. எனவே ஒன்றரை, இரண்டு கிலோ பிடிக்கும் பாலித்தீன் பையில் பென்சில் முனை அளவில் பத்துப் பன்னிரண்டு துளைகளைப் பரவலாக இடுங்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் கடைப் பைகளுக்குத் தடை இருப்பதால், வீட்டில் இருக்கும் தடித்த ஜிப் பையையோ மாவு, பருப்பு வந்த உறையையோ கழுவிக் காயவைத்து ஆண்டுக்கணக்கில் இதற்கே பயன்படுத்திக்கொள்ளலாம்.

பையின் அடியில் பழைய வேட்டித் துணியின் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். பருத்தித் துணி கூடுதல் நீரை வாங்கிக்கொள்ளும், காற்று வறண்டால் திருப்பிக் கொடுக்கும். செய்தித்தாளும் இந்த வேலையைச் செய்யும் என்றாலும் நனைந்ததும் காயோடு ஒட்டிக்கொள்வதால் எனக்கு அது பிடிப்பதில்லை. காய்களை ஒரே அடுக்காக, வெட்டிய அடித்தண்டு மேலே பார்க்கும்படி வையுங்கள். நீர் இறங்கித் துணியில் சேரும், வெட்டுவாய் உலர்ந்தே இருக்கும். பையின் வாயைத் தளர்வாக மடித்துவிட்டால் போதும். ரப்பர் பேண்டு போட்டு இறுக்க வேண்டாம்.

இடம் காய்கறி டிரே. அதில் ஈரப்பதத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி இருந்தால் ‘கூடுதல்’ பக்கம் தள்ளுங்கள். பின்சுவரை ஒட்டியோ குளிர்காற்று வரும் துளைக்கு நேராகவோ வைக்கக் கூடாது. சுழியத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை கீழே போனால் நூல்கோல் உறையத் தொடங்கும்; உறைந்து இளகிய காய் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தோற்றம் பெற்று, வெட்டும்போது தண்ணீராக வடியும். ஃபிரிட்ஜின் வெப்பநிலை 1 முதல் 4 பாகைக்குள் இருப்பது சரியான நிலை.

பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம், பப்பாளி, தக்காளி இருக்கலாமா என்று கேட்கிறார்கள். இவை விடும் எத்திலீன் வாயு இலைகளை மஞ்சளாக்கும். இலை நீக்கிய உருண்டை அந்த வாயுவுக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. ஆகவே நூல்கோல் இலையைத்தான் பழங்களிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். காயைப் பழங்களுக்குப் பக்கத்தில் வைத்தாலும் பெரிய கேடு வராது.

வாரத்துக்கு ஒருமுறை பையைத் திறந்து பாருங்கள். துணி சொதசொதப்பாக இருந்தால் மாற்றுங்கள். முறுக்காகக் காய்ந்திருந்தால் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். உதிர்ந்த காம்புகளைப் பொறுக்கி வெளியே போடுங்கள். இதை ஒருமுறை நான் அசட்டை செய்தேன். உதிர்ந்த நாலைந்து காம்புகள் பைக்கு அடியில் கிடந்து, கூழாகி, அவற்றைத் தொட்டுக்கொண்டிருந்த இரண்டு காய்களையும் இழுத்துக்கொண்டுவிட்டன. டிரேயைத் திறந்ததும் அழுகிய முட்டைக்கோசின் நெடி வந்தது. அந்தக் கந்தக நாற்றம் கோசுக் குடும்பத்துக்கே உரியது, இரண்டு நாளானாலும் ஃபிரிட்ஜை விட்டுப் போகாது. இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் மூன்று, நான்கு வாரம் காய் விறைப்பு குறையாமல் இருக்கும். கடையில் வாங்கிய காய்க்கு அதில் பாதியைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அது நம் கைக்கு வரும் முன்பே சில நாள் கழிந்திருக்கும்.

ஃபிரிட்ஜ் இல்லாத இடத்தில்

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டிலும், இருந்தும் இடமில்லாத வீட்டிலும், ஈர மணல் கைகொடுக்கும். வாய் அகன்ற மண்பானையின் அடியில் மூன்று விரல் உயரம் மணல் பரப்பி, காய்களை ஒன்றையொன்று தொடாதபடி அடுக்கி, மேலும் மணலால் மூடி, அடுத்த அடுக்கை வைக்க வேண்டும். மணலின் ஈரம் எவ்வளவு என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடையில் தண்ணீர் கசியக் கூடாது. ஆற்று மணல் இப்போது கிடைப்பதே அரிது. எம் சாண்ட் தான் கிடைக்கிறது என்றால் அதன் தூசி போகும்வரை நாலைந்து முறை அலசிப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் அந்தத் தூள் காம்பு இடுக்குகளில் சிமெண்டுபோல் அப்பிக்கொள்ளும். பானையை ஈரச் சாக்கால் சுற்றி, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள்.

இந்த முறை எங்கும் ஒன்றுபோல் பலிக்காது என்பதைச் சொல்லியாக வேண்டும். பானையின் புறச்சுவரிலிருந்து நீர் ஆவியானால்தான் உள்ளே குளிரும். ஆவியாக வேண்டுமானால் வெளிக்காற்று வறண்டிருக்க வேண்டும். திருச்சி, மதுரை, கோவைப் பக்கத்தில் வறண்ட காற்று வீசும் நாள்களில் பானை நன்றாகவே குளிரும். கடலோரச் சென்னையிலும் நாகையிலும் காற்றே ஈரமாக இருப்பதால் மணல் காயை வற்றாமல் காக்கும், ஆனால் பெரிதாகக் குளிர்விக்காது. அங்கே ஒரு வாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குளிர்கால இரவுகள் தாமாகவே ஃபிரிட்ஜ்போல் இருக்கும் ஊட்டியில் இதே மணல் பெட்டி வாரக்கணக்கில் தாங்கும். ஐரோப்பியக் குடியானவர்கள் நிலவறையில் காலங்காலமாகச் செய்து வருவதும் இதேதான்.

தோட்டம் பெரியதாக இருந்து அறுவடையும் கூடை கூடையாக வருமானால், புதுதில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மின்சாரம் தேவையில்லாத குளிர் அறையைக் கட்டிக்கொள்ளலாம். செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையில் ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர் இடைவெளியில் மணல் நிரப்பி, காலையும் மாலையும் அந்த மணலை நனைத்து வருவதுதான் அதன் முறை. இரண்டு பானைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து இடையில் ஈர மணல் போடுவது அதன் சிறு வடிவம்.

இலையைத் தூக்கி எறியாதீர்கள்

பிரித்த இலை ஒரு முழுக் கீரை. காசுமீரத்தில் நூல்கோலின் இலையையும் உருண்டையையும் சேர்த்தே சமைக்கிறார்கள். அங்கே இது வாரத்தில் பல நாள் அடுப்பேறும் காய். நம் வீடுகளில் இளம் இலையைப் பாசிப்பருப்போடு கூட்டாகவோ, தேங்காய் தூவிப் பொரியலாகவோ செய்யலாம். முற்றிய இலையின் நடுநரம்பை மட்டும் நீக்கிவிடுங்கள். பாதுகாக்க வேண்டுமானால் கழுவாமல் ஈரத் துணியில் சுற்றி, துளையிட்ட தனிப் பையில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

நறுக்கிவிட்ட காய்

தோலைச் சமைக்கும் நேரத்தில்தான் சீவ வேண்டும். ஒரு காயில் பாதியை மட்டும் பயன்படுத்த நேர்ந்தால், மீதிப் பாதியைத் தோலோடு விட்டு, வெட்டிய முகத்தில் ஈரத் துணியை ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மூன்று நாள் இருக்கும். சீவி நறுக்கிய துண்டுகளை மூடிய டப்பாவில் வைத்தால் இரண்டு, மூன்று நாள். தண்ணீரில் போட்டு வைத்தால் மொறுமொறுப்பு நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 60 மில்லிகிராம் என்ற அளவில் இதில் இருக்கும் வைட்டமின் சி நீரில் கரையக்கூடியது. ஓரிரவுக்கு மேல் ஊறவைப்பது வீண்.

உறையவைத்தல்

ஒரே நேரத்தில் நாலைந்து கிலோ வந்துவிட்டால் ஒரு பங்கை உறையவைப்பதே அறிவுடைமை. பச்சையாக அப்படியே உறையவைத்தால் உள்ளிருக்கும் நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்து, சில வாரங்களில் வைக்கோல் போன்ற சுவையையும் மங்கிய நிறத்தையும் கொடுத்துவிடும். கொதிநீரில் சிறிது நேரம் முக்கி எடுத்து அந்த நொதிகளை முதலில் அடக்க வேண்டும்.

இளங்காய்களாகத் தேர்ந்து, கழுவி, தோலையும் அதற்கடியில் இருக்கும் நார்ப் படலத்தையும் அடியிலிருந்து மேல்நோக்கி உரித்து, அரை அங்குலச் சதுரத் துண்டுகளாக நறுக்குங்கள். அரைக் கிலோ துண்டுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் பெரிய பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கவிட்டு, துண்டுகளைப் போட்டு, தண்ணீர் மறுபடி கொதி வந்த நொடியிலிருந்து ஒரு நிமிடம் மட்டும் விடுங்கள். சிறு காய்களை முழுதாக உறையவைப்பதானால் மூன்று நிமிடம். மலையூரில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருப்பதால் அங்கே தண்ணீர் 93 பாகைக்கு அருகிலேயே கொதித்துவிடும்; 1,500 மீட்டருக்கு மேல் உள்ள எந்த ஊரிலும் சொன்ன நேரத்தோடு ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எடுத்தவுடன் பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் கொட்டுங்கள். கொதிநீரில் விட்ட அளவு நேரமாவது குளிர்நீரில் கிடக்க வேண்டும். ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தால் நடுவும் குளிர்ந்திருக்க வேண்டும். பிறகு வடிகட்டி, துணியில் பரப்பி, நீர்ப்பசை போகத் துடைத்து, தட்டில் ஒற்றை அடுக்காக ஃப்ரீசரில் இரண்டு, மூன்று மணி நேரம் வைத்துத் தனித்தனியாக இறுகவிடுங்கள். அதன் பின் ஜிப் பையில் போட்டு, காற்றை முழுவதும் அமுக்கி வெளியேற்றி, நாளை எழுதி வையுங்கள். இப்படிச் செய்தால் பாறைபோல் ஒட்டிக்கொள்ளாமல், வேண்டிய பிடியை மட்டும் எடுக்கலாம். மைனஸ் 18 பாகையில் நிலையாக நிற்கும் தனி ஃப்ரீசரில் எட்டு மாதத்துக்கும் மேலாகச் சுவை கெடாது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல்தட்டில், மின்வெட்டும் இருக்கும் ஊரில், இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. இளகவிடாமல் நேரே கொதிக்கும் சாம்பாரிலோ குருமாவிலோ போடுங்கள். பொரியலுக்கு இது உதவாது, சொதசொதத்துவிடும்.

உப்பும் ஊறுகாயும்

உப்பில் புளிக்கவைப்பது நூல்கோலுக்கு மிகப் பொருந்தும், ஏனென்றால் அதன் மொறுமொறுப்பு எளிதில் இளகுவதில்லை. தோல் சீவிய ஒரு கிலோ காயைத் தீக்குச்சிப் பருமனில் நறுக்கி, 20 முதல் 25 கிராம் கல்லுப்பைப் பிசறி, அரை மணி நேரம் விட்டால் தானே நீர் விடும். கண்ணாடிச் சாடியில் அழுத்தி நிரப்பி, துண்டுகள் அந்த உப்புநீருக்கு அடியிலேயே இருக்கும்படி ஒரு சிறு கிண்ணத்தைப் பாரமாக வையுங்கள். நீர் போதாவிட்டால் ஒரு லிட்டருக்கு 25 கிராம் உப்பு கரைத்த, கொதித்து ஆறிய தண்ணீரைச் சேர்க்கலாம். நம் வெப்பத்தில் மூன்று, நான்கு நாளில் புளிப்பேறிவிடும். அதுவரை நாளுக்கு ஒருமுறை மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள். கடுகும் கந்தகமும் கலந்ததுபோல் வீசும் வாசனை இயல்பானது. மேலே பல நிறப் பூஞ்சணம் படர்ந்தாலோ துண்டு வழவழத்தாலோ முழுவதையும் கொட்டிவிடுங்கள். புளித்தபின் ஃபிரிட்ஜில் ஓரிரு மாதம் இருக்கும்.

காசுமீரத்தார் கடுகெண்ணெயும் மிளகாயும் உப்பும் சேர்த்து வெயிலில் வைத்துப் போடும் நூல்கோல் ஊறுகாய் பெயர் பெற்றது. நம் முறையில் நல்லெண்ணெயில் போடுபவர்கள் ஓர் எச்சரிக்கையை மனத்தில் கொள்ள வேண்டும். ஈரமுள்ள பச்சைத் துண்டை, உப்பும் புளிப்பும் போதாமல், எண்ணெயில் மூழ்கடித்து வெளியே வைப்பது ஆபத்து; காற்றுப் புகாத அந்த இடத்தில் பொட்டுலிசம் என்னும் உயிருக்கே ஆபத்தான உணவு நச்சை உண்டாக்கும் கிருமி வளர முடியும். துண்டுகளை உப்புப் பிசறி ஒரு நாள் வெயிலில் வாட்டி, எலுமிச்சைச் சாறோ வினிகரோ தாராளமாகச் சேர்த்து, போட்ட பின் ஃபிரிட்ஜிலேயே வைத்துச் சில வாரங்களில் தின்று தீர்ப்பதே என் பழக்கம்.

வாடியதும் கெட்டதும் ஒன்றல்ல

மூன்றாம், நான்காம் வாரத்தில் எடுத்த காய் சற்றே அமுங்கினால் பதற வேண்டாம். அது நீரைத்தான் இழந்திருக்கிறது. தோலைத் தடிமனாகச் சீவி, இரண்டாக வெட்டி, குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் பெருமளவு விறைப்பு திரும்பும். பச்சடிக்கு உதவாவிட்டாலும் கூட்டுக்கு உதவும். அடிப்பக்கத்தில் கத்தி இறங்க மறுத்துக் கரகரவென்று சத்தமிட்டால் அங்கே நார் ஏறியிருக்கிறது; வெட்டிய முகத்தில் வெள்ளை நூல்கள் மேல்நோக்கி விசிறிபோல் விரிந்திருப்பதைக் காணலாம். அந்த விசிறி முடியும் இடத்துக்கு மேலே இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, நார்ப்பகுதியை இரசத்துக்கான பருப்பு வேகும்போது கூடப் போட்டுக் கொதிக்கவிட்டு, சாறு இறங்கியபின் எடுத்து எறிந்துவிடலாம்.

விரல் பட்டால் தோல் வழுக்கினாலோ, உள்ளே பழுப்பு நீர் கோத்திருந்தாலோ, சதையில் கருங்கோடுகள் ஓடினாலோ, மூக்கை அடைக்கும் கந்தக நெடி வந்தாலோ அந்தக் காயைக் காப்பாற்ற முயல வேண்டாம். கருங்கோடு உள்ளவற்றை உரக்குழியிலும் போடாதீர்கள். நோய் அடுத்த பருவத்துக் கோசுப் பாத்திக்கே திரும்பி வரும். கெட்ட காய் கிடந்த பையை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்து, துணியைத் துவைத்து, மிச்சமிருக்கும் காய்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் புதிய அடுக்காக வையுங்கள்.